ஆப்புக்காரன் பூட்டிவிட்டுப் போனால்? குமரிக்காரர் கேட்கும் மியூச்சுவல் ஃபண்ட் கேள்வி

கருங்கல் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆனி மழை, மூன்று நாளாக ரப்பர் வெட்டு இல்லை. ரியாத்தில் வேலை பார்க்கும் மகன் அவள் ஃபோனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்து, மாதம் 5,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்லியிருக்கிறான். ஃபோனை என் கையில் தந்துவிட்டுச் சித்தி கேட்டாள்: "கேட்டியா மக்ளே, சீட்டுன்னா நடத்துகவன் வீடு தெரியும். இந்த ஆப்புக்காரன் பூட்டிட்டுப் போனா ஆருட்ட போயி கேக்க?"

முதலீடு என்றதும் எல்லோரும் கேட்பது "எவ்வளவு கிடைக்கும்" என்பதைத்தான். சித்தி கேட்டது அதைவிட நல்ல கேள்வி. குமரி மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு வயதும் அதிகம். இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்த 1938ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் மூடப்பட்டது. அன்று தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் அது ஒன்று. 2017இல் கேரள எல்லையோரம் ஒரு சீட்டு நிறுவனம் கதவைச் சாத்தியபோது, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைத் தொலைத்தவர்களை எனக்கே தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. ஆனால் சீட்டுக்காரரின் ரசீதை வாசிக்கத் தெரிவதும் அவர் பணத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று தெரிவதும் ஒன்றல்ல.

சித்திக்கு அன்று அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பணம் எந்த வழியே போகிறது

சீட்டில் நாம் கொடுக்கும் பணம் நடத்துபவரின் கைக்குப் போகிறது. அவர் நல்லவராக இருந்தால் திரும்பி வரும். மியூச்சுவல் ஃபண்டின் அமைப்பே வேறு. பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடும் அது, சட்டப்படி ஒரு டிரஸ்ட். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் அமைக்கப்படுவது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் பதிவு பெற்றது. நாம் "ஃபண்ட் கம்பெனி" என்று சொல்வது அந்த டிரஸ்டின் பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்து கூலி வாங்கும் நிர்வாக நிறுவனம்தான். பணம் அதற்குச் சொந்தமில்லை. அது வாங்கும் பங்குகளும் கடன் பத்திரங்களும் அதன் அலமாரியில் இருப்பதில்லை. கஸ்டோடியன் என்ற தனி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். யாருக்கு எத்தனை யூனிட் (ஃபண்டில் நம் பங்கைக் கணக்கிடும் அலகு) என்ற பேரேட்டை எழுதுவது இன்னொரு நிறுவனம், அதைப் பதிவாளர் என்போம். நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் இரண்டு பேர்தான் செய்கிறார்கள்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ், ஹைதராபாத்தின் கேஃபின்டெக்.

இதில் ஆப் எங்கே வருகிறது? வாசலில். விண்ணப்பத்தை நிரப்பி உள்ளே அனுப்புவது அதன் வேலை, அவ்வளவுதான். முன்பு சில தளங்கள் வாடிக்கையாளர்களின் பணத்தை முதலில் தங்கள் கணக்கில் திரட்டி, பிறகு ஃபண்டுக்கு அனுப்பின. செபி அதற்குத் தடை போட்டது, 2022 ஜூலை 1 முதல் அந்த வழக்கம் நின்றது. இன்று சித்தியின் வங்கிக் கணக்கிலிருந்து கிளம்பும் பணம், பங்குச் சந்தையின் பணப் பட்டுவாடாவைக் கவனிக்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் வழியாகவோ நேராகவோ அந்தத் திட்டத்தின் கணக்குக்குப் போய்ச் சேரும். திரும்ப எடுக்கும்போதும் அப்படித்தான், சித்தியின் பெயரில் பதிவான வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும். ஆப்பின் கையில் நடுவில் ஒரு ரூபாயும் தங்காது.

ஆகவே ஆப் மூடினால் போவது ஆப்தான். ஃபோலியோ எண், அதாவது ஃபண்டில் நம் கணக்கு எண், கையில் இருந்தால் அந்த ஃபண்டின் சொந்த இணையதளத்தில் போய்ப் பார்க்கலாம், விற்கலாம். இரண்டு பதிவாளர்களும் சேர்ந்து 2021இல் தொடங்கிய எம்எஃப் சென்ட்ரல் என்ற தளத்தில் பான் எண்ணைக் கொடுத்தால், எந்தக் கடை வழியாக வாங்கியிருந்தாலும் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். சில தளங்கள் யூனிட்டைப் பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் டிமேட் கணக்கில் வைக்கும். அப்போது பேரேடு, டிமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரியிடம் இருக்கும். அங்கேயும் பெயர் நம்முடையதுதான், ஆனால் வேறு தளத்துக்கு மாறும்போது வேலை கொஞ்சம் கூடுதல்.

ஃபண்ட் கம்பெனியே கை மாறினால்? அதுவும் நடந்திருக்கிறது. எல் அண்ட் டி மியூச்சுவல் ஃபண்ட் 2022இல் எச்எஸ்பிசியிடம் போனது. ஐடிஎஃப்சி ஃபண்ட் 2023இல் பந்தன் என்று பெயர் மாறியது. யூனிட் வைத்திருந்தவர்களுக்கு அறிக்கையில் தலைப்பு மாறியதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு சித்தி முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அங்கேயே கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் இது திருட்டுப் பயத்துக்கு மட்டுமான பதில். விலைப் பயம் வேறு. வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. யூனிட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. 2020 ஜனவரியில் 12,400 வரை போன நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு, கொரோனா பயத்தில் மார்ச் 24 அன்று 7,600க்கும் கீழே வந்தது. அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது, பொறுத்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் எல்லாச் சரிவும் அத்தனை சீக்கிரம் மீளாது. 2008 ஜனவரியில் 21,000 தொட்ட சென்செக்ஸ் என்ற இன்னொரு குறியீடு, இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி, அந்த உயரத்தைக் கடந்து போக 2013 கடைசி ஆயிற்று. கடன் பத்திர ஃபண்டு என்றால் கவலையில்லை என்று நினைத்தவர்களுக்கு 2020 ஏப்ரல் 23 ஒரு பாடம். அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் 6 கடன் திட்டங்களை ஒரே இரவில் மூடியது. பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் அந்த மாதமே மருத்துவமனைக்குக் கட்ட வேண்டியவருக்கு அந்தத் தவணையால் என்ன பிரயோஜனம்?

சித்திக்கு இந்தப் பொறுமையை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் கன்று நட்டு, பால் வெட்ட 6, 7 வருடம் காத்திருந்த குடும்பம் அது. ஆனால் ரப்பர் மரத்தின் விலையை அவள் தினமும் ஃபோனில் பார்த்ததில்லை. ஆப் காட்டும் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குவது வேறு மாதிரியான பொறுமை.

பழைய யூனிட் டிரஸ்ட்

நாகர்கோவிலில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் "யூனிட் டிரஸ்டா, வேண்டாம்பா" என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது யூஎஸ்-64. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, 1964இல் 10 ரூபாய் யூனிட்டாகத் தொடங்கிய திட்டம். அரசு நடத்துவது, வருடா வருடம் டிவிடெண்ட், கேட்கும்போது பணம். அஞ்சலகச் சேமிப்புக்கு அடுத்தபடியாக நம்பினார்கள். 2001 ஜூலை 2 அன்று, இனி ஆறு மாதத்துக்கு யூனிட் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்று அறிவிப்பு வந்தது.

கோளாறு எங்கே இருந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இன்றைய விதிகள் பலவற்றின் வேர் அங்கேதான். யூஎஸ்-64இல் யூனிட்டின் விலையை நிர்வாகமே தீர்மானித்தது. உள்ளே இருக்கும் பங்குகளின் சந்தை மதிப்புக்கும் அந்த விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மதிப்பு சரிந்த பிறகும் விலை உயரமாகவே இருந்தது. விவரம் தெரிந்த பெரிய கைகள் முதலில் விற்று வெளியேற, பள்ளம் மிச்சமிருந்த சின்ன ஆட்களின் தலையில் விழுந்தது. அப்புறம் அரசு தலையிட்டது, 2003இல் அந்த யூனிட் டிரஸ்டே இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

இன்று ஒவ்வொரு வேலை நாளும் ஒவ்வொரு திட்டத்துக்கும் என்ஏவி வெளியாகிறது. உள்ளே இருக்கும் சொத்தின் அன்றைய மதிப்பில் செலவைக் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுத்து வரும் விலை அது. சித்தி 10,000 ரூபாய் போட்டால் முதலில் 0.005 சதவீத முத்திரைக் கட்டணமாக 50 காசு போகும். என்ஏவி 50 ரூபாய் என்றால் 199.990 யூனிட் கிடைக்கும். எந்த நாள் விலை என்பதில் பலரும் ஏமாந்ததாக நினைப்பார்கள். பங்கு ஃபண்டில், விண்ணப்பமும் பணமும் இரண்டுமே பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அன்றைய விலை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கட்டிவிட்டு "சனிக்கிழமை ஏன் யூனிட் ஏறவில்லை" என்று ஆப்பைத் திட்டுவதில் அர்த்தமில்லை, திங்கட்கிழமை விலைதான் வரும்.

ஏஜென்ட் அண்ணனும் அந்த ஒரு சதவீதமும்

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்பு நாகர்கோவிலில் ஒரு வங்கிக் கிளைக்கு வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அன்பாகப் பேசி, காபி வரவழைத்து, ஒரு ஃபண்ட் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். தப்பான ஃபண்டு என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் கழித்துத்தான் அறிக்கையில் திட்டப் பெயருக்குப் பக்கத்தில் "ரெகுலர்" என்று இருந்ததைக் கவனித்தேன்.

ஒரே ஃபண்டு, ஒரே மேலாளர், ஒரே பங்குகள். ஆனால் இரண்டு கதவு. ரெகுலர் திட்டத்தில் விற்றுக் கொடுத்தவருக்கான கமிஷன் உள்ளே அடங்கியிருக்கும். 2013 ஜனவரி 1 முதல் எல்லா ஃபண்டுகளும் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டத்தையும் தர வேண்டும் என்று செபி ஆக்கியது. கமிஷனை நம் கையிலிருந்து யாரும் தனியாகக் கேட்டு வாங்குவதில்லை, தினமும் என்ஏவியில் கழிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வலிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 5,000, 20 வருடம், கையிலிருந்து போவது 12 லட்சம். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் கடைசியில் ஏறத்தாழ 50 லட்சம். அதே கணக்கை 11 சதவீதத்தில் போட்டால் 43 லட்சத்து 70 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரு சதவீத வித்தியாசத்தின் விலை ஆறு லட்சத்துக்கும் மேல், போட்ட பணத்தில் பாதி. 12 சதவீதம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ரெகுலரில் போனால் அந்தச் செலவு போவது உறுதி.

அதற்காக ஏஜென்ட் எல்லோரும் வேண்டாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. இங்கே என் கருத்து ஆப் கம்பெனிகளின் விளம்பரத்தோடு ஒத்துப்போகாது. 2020 மார்ச்சில் என் நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் விற்கப் போனபோது, தக்கலையில் அவருடைய ஏஜென்ட் நேராக வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தடுத்துவிட்டார். அந்த ஒரு மாலைப் பொழுதுக்குப் பத்து வருட கமிஷன் தகும். பதறுகிறவருக்கும், ஃபோனில் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறவருக்கும், நல்ல ஏஜென்ட் வீண் செலவில்லை. வருடம் ஒருமுறைகூட ஃபோன் எடுக்காதவருக்கு எதற்கு அந்த ஒரு சதவீதம் என்பதுதான் கேள்வி. எந்த வழியாகப் போனாலும் திட்டத்தின் பெயரில் "டைரக்ட்" இருக்கிறதா "ரெகுலர்" இருக்கிறதா என்று கடைசி வார்த்தை வரை வாசிக்க வேண்டும்.

டைரக்ட் திட்டத்தைக் காசு வாங்காமல் விற்றால் ஆப்புக்கு எப்படி வருமானம்? 2023 முதல் இப்படிப்பட்ட தளங்களுக்குத் தனி விதி இருக்கிறது, சின்னக் கட்டணம் வாங்கவும் அனுமதி உண்டு. ஆனால் உண்மையான வருமானம் பக்கத்துக் கடையில். அதே ஆப்பில் கடன், காப்பீடு, பங்கு வர்த்தகம், விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மாதாமாதம் தானாகப் பணம் போகும் எஸ்ஐபி போட வந்தவரின் கட்டை விரல் ஒரு அங்குலம் தள்ளிப் பட்டால் அந்தக் கடைதான். போதாததற்கு, ஃபண்டுகளை "போன வருட லாபம்" என்ற வரிசையில் அடுக்கிக் காட்டும் வழக்கம். தோவாளைச் சந்தையில் கல்யாண முகூர்த்தத்தன்று மல்லிகை விற்ற விலையைப் பார்த்துவிட்டு மறுநாள் தோட்டம் போடுகிறவரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஆப்பில் அதையே செய்கிறோம்.

இனிஷியல் என்ற இடறுகட்டை

சித்திக்குக் கணக்குத் திறக்க உட்கார்ந்தபோதுதான் உண்மையான பாடு தொடங்கியது. ஆப் விளம்பரத்தில் 5 நிமிடம் என்று இருக்கும். நம் ஊரில் அது பெயரில் மாட்டும்.

ஆதாரில் ஒரு எழுத்து இனிஷியலோடு பெயர். பான் அட்டையில் இனிஷியல் மட்டும் போட முடியாது, அப்பா பெயர் விரிந்து நிற்கும். வங்கிப் புத்தகத்தில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். எல்லாம் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். இதோடு பான் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், ஆதாருக்கு வரும் ஓடிபி பழைய ஃபோன் எண்ணுக்குப் போகக் கூடாது. வெளிநாடு போகும்போது விட்டுப்போன சிம் கார்டின் எண்தான் இங்கே பாதி வீட்டு ஆதாரில் இருக்கிறது. ஆப் நம் வங்கிக் கணக்குக்கு 1 ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபார்க்கும், அங்கேயும் ஒரு இடறல் வரலாம்.

கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பின் நிலை மூன்று விதம். "வேலிடேட்டட்" என்றிருந்தால் எந்த ஃபண்டிலும் தடையில்லை. "ரெஜிஸ்டர்டு" என்றால் ஏற்கெனவே இருக்கும் ஃபண்டில் தொடரலாம், புது ஃபண்டு கம்பெனிக்குப் போனால் மறுபடி ஆவணம். "ஹோல்டு" என்றால் சரிசெய்யும் வரை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. முதலில் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் பான் அட்டைக்கு ஒப்பத் திருத்திவிட்டு ஆப்புக்குப் போவதே புத்திசாலித்தனம். சித்திக்கு இதற்கே மூன்று வாரம் ஆனது. மழையும் விட்டிருந்தது.

அடுத்தது தேதி. எஸ்ஐபி என்றாலே மாதச் சம்பளக்காரருக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை. இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டுக்கு மாதச் சம்பளம்? மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லை, மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து துளிர்க்கும்போதும் வரத்து சுருங்கும். விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. நம் மாவட்டத்தில் அதுவும் இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

கணக்கில் பணமில்லாத நாளில் எஸ்ஐபி வந்து தட்டினால் ஃபண்டு அபராதம் போடாது, வங்கி போடும். மாத எஸ்ஐபி மூன்று முறை தொடர்ந்து தவறினால் தானாகவே நின்றுவிடும். இதற்கு வழி உண்டு. பல ஃபண்டுகளில் சில மாதத்துக்கு எஸ்ஐபியை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, தடைக்காலத்துக்கு முன்பே அதைப் போட்டுவிடலாம். இல்லை, கை நிறைந்த மாதத்தில், குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் மொத்தமாகப் போட்டு, அதிலிருந்து மாதாமாதம் பங்கு ஃபண்டுக்கு மாற்றச் சொல்லலாம், அதை எஸ்டிபி என்பார்கள். எஸ்ஐபியே வேண்டாம், மீன் விற்றபோது போடுகிறேன் என்றாலும் சட்டம் தடுக்காது. பழக்கம்தான் தடுக்கும்.

தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். கணக்கு அவர் பெயரில், ஓடிபி அவர் ஃபோனுக்கு, ஃபோன் அவரோடு சிக்னல் இல்லாத நடுக்கடலில். வீட்டில் ஒரு அவசரம் என்றால் மனைவியால் ஒரு யூனிட்கூட விற்க முடியாது. பல ஆப்கள் ஒற்றைப் பெயரில்தான் கணக்குத் திறக்கும். இருவர் பெயரில், "யாராவது ஒருவர்" என்ற முறையில் வைத்துக்கொள்ள ஃபண்டு கம்பெனியிடம் நேராகப் படிவம் கொடுக்கலாம். அது பழைய வழிதான், ஆனால் இந்த வீடுகளுக்கு ஆப்பைவிட அதுவே பொருத்தம். அல்லது கொஞ்சம் பணம் மனைவி பெயரிலேயே தனிக் கணக்காக இருக்கட்டும். நாமினி போட்டிருக்கிறோமே என்றால், நாமினிக்கு உரிமை பிறப்பது ஆள் இறந்த பிறகு. அப்போதும் சட்டப்படி வாரிசுகளுக்காகப் பொறுப்பேற்று வாங்குபவர்தான் அவர்.

ரியாத் பணம்

சித்தியின் மகன் அம்மா பெயரில் போடச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அவனுக்கு ஊரில் இருந்தபோது தொடங்கிய ஃபோலியோ ஒன்று உண்டு, வங்கிக் கணக்கும் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கு. வெளிநாட்டில் வேலைக்குப் போய் என்ஆர்ஐ ஆன பிறகு அந்தக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், கேஒய்சியிலும் நிலையை மாற்ற வேண்டும். அதைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் அம்மா பெயர். வளைகுடாவில் இருக்கும் பலர் செய்வது இது.

மகன் அம்மாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை, அது சரி. ஆனால் யூனிட் அம்மாவுடையது, லாபமும் அம்மாவுடையது, நாளைக்குப் பங்கு பிரிக்கும்போதும் அம்மாவின் சொத்து. அவனுக்கு இரண்டு தங்கைகள். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, அவனே ரியாத்திலிருந்து என்ஆர்ஓ கணக்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான். என்ஆர்ஐ விற்கும்போது ஆதாயத்தில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். வரி இல்லாத அளவு என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

வரிக் கணக்கு சுருக்கமாக: பங்கு ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான ஆதாயத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுகளின் ஆதாயம் நம் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும்.

ஆப்பே பொய்யாக இருந்தால்

சித்தியின் முதல் கேள்விக்கு இன்னொரு பக்கம் உண்டு. உண்மையான ஆப் பூட்டினால் பணம் இருக்கும் என்று சொன்னேன். ஆப்பே உண்மையில்லை என்றால்? வாட்ஸாப் குழுவில் சேர்த்து, பெரிய கம்பெனியின் பெயரும் சின்னமும் போட்ட ஆப்பை லிங்க் வழியாக இறக்கச் சொல்வார்கள். போட்ட 50,000 ஒரே வாரத்தில் 90,000 என்று திரையில் நிற்கும். எடுக்கப் போனால் "வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்பார்கள். எந்த உண்மையான ஃபண்டும் பணத்தைத் திருப்பித் தர நம்மிடமே பணம் கேட்காது. ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணம் போன வழியில் தடுக்க வாய்ப்பு.

பணம் போகும்முன் பார்க்க ஒரு வழி 2025 அக்டோபரில் வந்தது. செபியில் பதிவு பெற்றவர்களின் யூபிஐ முகவரியில் "வேலிட்" என்ற சொல் ஆங்கில எழுத்தில் இருக்கும், பணம் கட்டும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டை விரல் அடையாளம் வரும்.

பணம் போன பிறகு பார்க்க ஒரு வழி எப்போதும் இருக்கிறது, நான் அதிகம் நம்புவது அதைத்தான். ஆப் காட்டுவதை ஆப்பிலேயே சரிபார்க்கக் கூடாது, வெளியே நின்று பார்க்க வேண்டும். வாங்கல் விற்றல் நடந்தால் அடுத்த மாதம் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வரும். பதிவாளரோ டெபாசிட்டரியோ நேராக அனுப்புவது, ஆப்புக்கு அதில் கை இல்லை. பொய் ஆப்பில் எத்தனை லட்சம் காட்டினாலும் அந்த அறிக்கையில் ஒரு யூனிட்கூட இருக்காது. எப்போதோ எங்கோ போட்டு மறந்துபோன பழைய ஃபோலியோவைத் தேட 2025இல் மித்ரா என்ற வசதியும் வந்திருக்கிறது. யூனிட் டிரஸ்ட் காலத்துப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

சித்தி கடைசியில் 5,000த்துக்குப் பதில் 2,000 போட்டாள். மீதிக்குச் சந்தைப் பக்கம் நடக்கும் சீட்டைத் தொடர்கிறாள். அவசரத்துக்குத் தள்ளி எடுக்க முடிவது சீட்டில்தான், அதை ஃபண்டில் எதிர்பார்க்க முடியாது என்பது அவள் வாதம். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. தேதியை ரப்பர் ஷீட் விற்ற காசு வரும் நாளுக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தோம்.

முதல் அறிக்கை வந்த அன்று அதைக் காகிதத்தில் எடுத்து வரச் சொன்னாள். கருங்கலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கையில் ஃபோனும் ஒரு கையில் தாளுமாக உட்கார்ந்து யூனிட் எண்ணிக்கையைப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை விரல் வைத்துப் பார்த்தாள். ரூபாய்க் கணக்கு ஒத்துவரவில்லை. தாளில் இருப்பது மாதக் கடைசி விலை, ஃபோனில் இருப்பது நேற்றைய விலை என்றேன். "ரூவா கெடக்கட்டும் மக்ளே, எண்ணம் சரியாயிட்டு இருக்கு" என்று சொல்லி, தாளை மடித்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் டப்பாவுக்குள் வைத்தாள்.